சீட்டில்லாத மூட்டை

மார்ச் 4, செவ்வாய்

பாப்பாவுக்கு இன்றைக்கு ஆறு வாரம். கிளினிக்கில் அம்மாக்களுக்கு ஆளுக்கொரு நோட்டு கொடுத்தார்கள். அட்டையில் ஒரு தாய் குழந்தையைப் பார்த்துச் சிரிக்கிறாள். முப்பத்திரண்டு பல்லும் தெரிகிறது. தலைமுடி வாரி, கண்ணுக்கு மை இட்டு, எட்டு மணி நேரம் தூங்கி எழுந்த முகம். அந்தக் குழந்தை வாடகைக்கு எடுத்ததாக இருக்கும்.

"பாப்பாவைப் பாக்கும்போது மனசுல என்ன தோணுதோ அதை அப்படியே எழுதுங்கக்கா. ஒரு வரி போதும்" என்றாள் நர்ஸ். எதைச் சொன்னாலும் சிரித்துக்கொண்டே சொல்கிற பெண். ஊசி போடும்போதும் சிரிப்புதான். சிரிப்பு நர்ஸ் என்று பேர் வைத்துவிட்டேன்.

நான் படித்தது ஐந்து வரை. ஆனால் லாண்டரியில் துணி வாங்கும் மேஜையில் உட்கார்ந்து பத்தொன்பது வருஷமாகச் சீட்டு எழுதுகிறேன். எந்தக் கறை, கிழிசல் எத்தனை விரல் நீளம், எல்லாம் எழுதத் தெரியும். மனசில் இருப்பதை எழுதிப் பழக்கமில்லை. எங்கள் சீட்டில் அதற்குக் கட்டம் கிடையாது.

இன்றைக்குத் தோன்றியது: பசி. எனக்குத்தான்.

மார்ச் 6, வியாழன்

மாடி வீட்டம்மா பாப்பாவைப் பார்க்க வந்தாள். வந்தவள் என் முகத்தைத்தான் பார்த்தாள்.

"இந்த வயசுல இப்படி ஒரு பொக்கிஷம். மனசு நெறஞ்சு போயிருக்குமே?"

"நெறஞ்சு வழியுதுக்கா. தரையைத் துடைக்கவே நேரம் பத்தல."

விழுந்து விழுந்து சிரித்தாள். உன்னைப் பார்த்தாலே கவலை போகுது என்று சொல்லிவிட்டுப் போனாள். அவள் கவலை போகட்டும்.

எனக்கு நாற்பத்துமூன்று. பெரிய மகளுக்குப் பத்தொன்பது. போன வருஷம் மாதவிலக்கு நின்றபோது, சரி, கடையைச் சாத்துகிற காலம் வந்துவிட்டது என்று டாக்டரிடம் போனேன். சாத்தவில்லை, புதுச் சரக்கு இறங்கி நாலு மாதமாகிறது என்றார். என் வீட்டுக்காரர், இவர், பக்கத்தில் நின்றிருந்தார். இவருக்கு லிஃப்ட் ரிப்பேர் வேலை. நாள் முழுக்க மேலேயும் கீழேயும் போவார், வாய் மட்டும் எந்த மாடியிலும் திறக்காது. அன்றைக்கு ஒரு வார்த்தை சொன்னார். "அப்படியா."

மார்ச் 7

பால் கொடுத்தேன். குளிப்பாட்டினேன். வெயிலில் காட்டினேன். தோன்றியது: இந்த வெயிலுக்குப் போர்வை காயும்.

மார்ச் 11, செவ்வாய்

கிளினிக்கில் அம்மாக்கள் கூட்டம். பதினோரு பேர் வட்டமாக உட்கார்ந்தோம். பிளாஸ்டிக் நாற்காலி. நடுவில் ஒரு பாய், அதில் பதினோரு குழந்தைகள், காய்கறிக் கடை போல. குழந்தைக்கும் உங்களுக்கும் உள்ள பிணைப்பை ஒவ்வொருவரும் சொல்லுங்கள் என்றாள் சிரிப்பு நர்ஸ்.

ஏலம் தொடங்கியது. முதல் ஆள், "அவனைக் கையில வாங்கினதும் அழுதுட்டேன்" என்றாள். அடுத்தவள், "நான் வாங்கறதுக்கு முன்னாடியே அழுதுட்டேன்." அதற்கடுத்தவள், "வயித்துல இருக்கும்போதே நாங்க பேசிக்குவோம்." கடைசியில் மஞ்சள் சட்டை போட்ட சின்னப் பெண், இருபத்திரண்டு இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள்: "அந்த நிமிஷம் உலகமே நின்னு போச்சு." அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை. ஏலம் முடிந்தது.

என் முறை. "உலகம் நிக்கல. ஆனா எங்க வீட்டுல தண்ணி நின்னு போச்சு, எட்டுத் துணி ஊறிக் கிடந்துச்சு" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். உங்க குழந்தை கொடுத்துவைத்தது என்று ஒருத்தி சொன்னாள்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். காக்கையை யாராவது தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார்களா?

மார்ச் 12, புதன்

இந்த நோட்டை யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நர்ஸ் சொன்னாள். அப்படியென்றால் எழுதுகிறேன்.

எப்போதாவது லாண்டரி மேஜையில் ஒரு மூட்டை கிடக்கும். சீட்டு இருக்காது. யார் வைத்தார்கள், எப்போது வைத்தார்கள் என்று தெரியாது. தூக்கிப் போடவும் முடியாது. தூசு படாமல் உள்ளே வைப்போம். வாசலில் நிழல் தெரிந்தால் நிமிர்ந்து பார்ப்போம், வந்துவிட்டார்களா என்று.

அப்படித்தான் இருக்கிறது. பாப்பாவை நன்றாகத்தான் வைத்திருக்கிறேன். ஒரு கொசு கடித்ததில்லை. பத்தொன்பது வருஷத்தில் ஒரு துண்டு தொலைத்தவள் இல்லை நான். ஆனால் காலிங் பெல் அடித்தால் தோன்றுகிறது — வந்துட்டாங்க, கொடுத்துடலாம்.

பெற்ற மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு என்பார்கள். எங்கள் வீட்டில் ரெண்டும் இடம் மாறிவிட்டது போல.

மார்ச் 16, ஞாயிறு

மேலிடம் வந்திருந்தது. மேலிடம் என்பது இவருடைய அக்கா, என் நாத்தனார், நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர். இவர் எந்த முடிவு எடுத்தாலும் அங்கிருந்து ஒப்புதல் வர வேண்டும் என்பதால் கல்யாணமான மாதமே வைத்த பேர். அண்ணிக்கும் தெரியும். அவருக்குப் பிள்ளை இல்லை. ஐம்பத்தொன்று ஆகிறது. வீட்டுக்காரர் போய் மூன்று வருஷம்.

பாப்பாவைத் தூக்கினார். ஒரு மணி நேரமாக என்னிடம் சைரன் ஊதிக்கொண்டிருந்தது, அவர் தோளில் சாய்ந்ததும் கப்சிப்.

"கொஞ்ச நாள் நான் வச்சுக்கறேனே" என்றார் அண்ணி, விளையாட்டாகச் சொல்வது போல.

"எடுத்துட்டுப் போங்கண்ணி. துணியெல்லாம் துவைச்சு மடிச்சேதான் இருக்கு. பை தரட்டுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். அந்த அறையில் விளையாட்டுக்குச் சொல்லாதவர்கள் ரெண்டு பேர்.

மார்ச் 18, செவ்வாய்

இன்றைக்குக் கிளினிக்கில் ஊர் சிரித்துவிட்டது.

ஒரு தாள் கொடுத்தார்கள். பத்து வரி, பத்துக் கட்டம். ஒரு கையில் பாப்பா, ஒரு கையில் பேனா. யார் உட்கார்ந்து படிப்பது? வரிசையாக வரியும் கட்டமும் பார்த்ததும் கை தானாக ஓடிவிட்டது. எங்கள் லாண்டரியில் துணி வாங்கும்போது இதே மாதிரி தாள்தான். கறை, கிழிசல், பட்டன் இல்லை, சாயம் போகும் என்று வரிசையாக இருக்கும். பார்த்துவிட்டோம், குறை இல்லை என்றால் டிக். குறை இருந்தால் பெருக்கல் குறி. பத்துக்கும் டிக் போட்டுக் கொடுத்துவிட்டு பால் கொடுக்க உட்கார்ந்தேன். குறையில்லாத சரக்கு.

சிரிப்பு நர்ஸ் தாளைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. முதல் தடவையாக அவள் உதடு மூடிப் பார்த்தேன், நல்ல முகவெட்டுதான். பாப்பாவை மெதுவாக என் கையிலிருந்து வாங்கினாள். உள்ளேயிருந்து ஒரு அம்மா ஃபைலோடு வந்து என் பக்கத்தில், நான் ஓடிவிடுவேன் என்பது போல, உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தார்கள். இவருக்குப் போன் போனது. இவர் எங்கோ ஒன்பதாவது மாடியில் லிஃப்டைப் பாதியில் விட்டுவிட்டு, கையெல்லாம் கிரீஸோடு மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"என்ன ஆச்சு?" என்றார். ஒரே நாளில் ரெண்டு வார்த்தை.

அப்புறம்தான் தாளைக் காட்டினார்கள். காரணம் இல்லாமல் அழுகிறேன். எதிலும் மனம் ஒட்டவில்லை. குழந்தை என்னுடையது என்று தோன்றவில்லை. வீட்டை விட்டுப் போய்விடலாம் என்று தோன்றுகிறது. இப்படிப் பத்து. ஆம் என்றால் டிக் போட வேண்டுமாம். கிளினிக் திறந்த நாளிலிருந்து பத்துக்குப் பத்து யாரும் எடுத்ததில்லையாம்.

"ஐயோ, நாங்க குறை இல்லன்னாதான் டிக் போடுவோம்" என்றேன். ஒரு நிமிஷம் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் ஃபைல் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நர்ஸுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "உங்களுக்குப் போய் இப்படின்னு நெனைச்சேனே அக்கா" என்று தாளை நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டாள். இவர் சுவரில் சாய்ந்து மூச்சு விட்டார். சுவரில் கிரீஸ்.

மார்ச் 19

கிழித்துப் போட்ட தாள்தான் சரி.

மார்ச் 19, சாயங்காலம்

பத்தும் சரி இல்லை, ஒன்பது என்று மாற்றலாமா என்று நினைத்தேன். கடைசி வரி, வீட்டை விட்டுப் போவது. போன வாரம் பஸ் நிறுத்தத்தில் பாப்பாவோடு நின்றபோது, பாப்பாவை அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் நல்ல முகமுள்ள அம்மாவிடம் ஒரு நிமிஷம் வெச்சுக்கோங்க என்று கொடுத்துவிட்டு பஸ் ஏறி, அது எங்கே திரும்புகிறதோ அதுவரை போகலாம் என்று தோன்றியது. எவ்வளவு தெளிவாகத் தோன்றியது என்றால் எந்த ஜன்னல் சீட் என்றுகூடப் பார்த்துவிட்டேன்.

பத்தும் சரி.

யாரிடம் போய்ச் சொல்வேன்? சிரிப்பார்கள். ஊரைச் சிரிக்க வைத்தே வாழ்ந்தவள், இப்போது வாயைத் திறந்தாலே கை தட்டுகிறார்கள்.

மார்ச் 21, வெள்ளி

அண்ணி போன் செய்தார். இந்தத் தடவை விளையாட்டு இல்லை. "நான் வளர்க்கறேன். உனக்கும் வயசாயிடுச்சு, வேலைக்கும் போகணும். நீ எப்ப வேணா வந்து பாரு. யோசிச்சுச் சொல்லு."

இவரிடம் சொன்னேன். "நீ என்ன சொல்றே?" என்றார். நான் சரி என்றேன். இவர் என்னைப் பார்த்தார், பாப்பாவைப் பார்த்தார், திருப்புளியைத் தேடிக்கொண்டு போய்விட்டார். நல்ல திருப்புளி, ஒன்பது நாளைக்குத் தேடலாம்.

வருகிற ஞாயிறு கழித்து அடுத்த ஞாயிறு, முப்பதாம் தேதி என்று முடிவானது. சீட்டு வந்துவிட்டது. பாரம் இறங்கினால் எவ்வளவு லேசாக இருக்க வேண்டும்? இல்லை. ஒன்றுமே இல்லை. பாரமும் இல்லை, லேசும் இல்லை.

மார்ச் 24, திங்கள்

பெரியவளுக்கு வக்கீல் என்று பேர். படிப்பது கணக்கு. பேச்சுதான் கோர்ட். இன்றைக்கு வழக்கு என் மேல்.

"நெஜமாவே குடுக்கப் போறியா?"

"அத்தைக்குத்தானே குடுக்கறேன், சந்தையிலயா விக்கறேன்?"

"ஜோக் அடிக்காதம்மா. ஒண்ணு கேக்கறேன். அப்பாவுக்குப் பட்டப்பேர் இருக்கு. அத்தைக்கு இருக்கு. பால்காரருக்கு மூணு இருக்கு. நான் பொறந்த மூணாம் நாளே ஊதுகுழல்னு வச்சியாம். இவளை ஒரு வார்த்தை கிண்டல் பண்ணினதில்ல நீ. கடைக்கு வந்த பெரிய மனுஷி மாதிரி நடத்தறே. எனக்குப் பயமா இருக்கும்மா."

   குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்தேன். என்னடி ஆச்சு உனக்கு, எங்கடி போயிட்டே நீ என்று என்னையே கேட்டேன் — குழாய் ஓடிக்கொண்டே இருந்தது. வக்கீல் கதவைத் தட்டி, "தண்ணி வீணாகுதும்மா" என்றாள். 

மார்ச் 29, சனி

நாளைக்கு அண்ணி வருகிறார். பை கட்டினேன். சட்டை ஆறு, துண்டு பதினாலு, போர்வை மூன்று, குல்லாய் ரெண்டு. சாமானோடு ஒரு தாளும் வைக்க வேண்டும். எங்கள் தொழிலில் கைமாறும்போது, ஏற்கெனவே உள்ள குறையெல்லாம் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் நாளைக்கு நம் தலையில் விழும். எழுதினேன்.

இடது காது மடல் மேலே கொஞ்சம் மடிந்திருக்கும், அடி பட்டது இல்லை, பிறவி. வலது முழங்காலுக்குப் பின்னால் அவரை விதை அளவு மச்சம், தேய்த்தால் போகாது. குளிக்க வைக்கும்போது முதலில் பாதத்தில் ஊற்ற வேண்டும், முதுகில் ஊற்றினால் வீட்டைக் கூட்டும். நாலு மணிக்கு அழுவது பசிக்காக இல்லை, சும்மா, வேலைநிறுத்தம் மாதிரி. இஸ்திரிப் பெட்டி வைத்து அழுத்தும் சத்தம் கேட்டால் தூங்கும், தாலாட்டு வேண்டாம். பொய் அழுகைக்குக் கீழுதடு மட்டும் நடுங்கும், நிஜ அழுகைக்கு நாடி முழுக்க.

தாள் பத்தவில்லை. இன்னொன்று எடுத்தேன். மொத்தம் முப்பத்தொரு குறை.

மார்ச் 30, ஞாயிறு

அண்ணி வந்தார். அவர் வீட்டில் ஓர் அறைக்கு வெள்ளை அடித்து, கட்டில் வாங்கிப் போட்டிருக்கிறாராம். கதவு இடுக்கில் குழந்தை விரல் நசுங்காமலிருக்க ரப்பர் ஒட்டியிருக்கிறாராம். நகம் வெட்டிக்கொண்டு வந்திருந்தார்.

தாளைக் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு உரக்கப் படித்தார்.

"என்னடி இது, கொழந்தையா, புகார் மனுவா?"

"பின்னாடி என்னைச் சொல்லக் கூடாது பாருங்க."

படித்துக்கொண்டே போனவர் ரெண்டாவது தாளில் சத்தத்தை நிறுத்திவிட்டார். உதடு மட்டும் அசைந்தது. முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். என்னைப் பார்த்தார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அண்ணி என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"நீ எப்ப கடைசியாத் தூங்கினே? எப்ப சாப்பிட்டே?"

"சாப்பாட்டுக்கு என்னண்ணி, பாத்திரம்தான் சாப்பிடாம காயுது."

"கேலி பேசாத. எங்கிட்டச் சொல்லு."

சொல்லிவிட்டேன். "அந்தப் பத்து டிக்கும் சரிதான் அண்ணி." கிளினிக் கதை அவருக்குத் தெரியும், இவர் சொல்லியிருந்தார். அவர் சிரிக்கவில்லை. நான் அழவும் இல்லை. "எனக்கு இவ மேல ஒண்ணுமே வரல அண்ணி. இவளைப் பத்தி எல்லாம் தெரியும். கஸ்டமர் சட்டையைத் தெரியற மாதிரி தெரியும். அவ்வளவுதான்."

அண்ணி ரொம்ப நேரம் பையின் காதைத் திருகிக்கொண்டிருந்தார். பிறகு பையைப் பிரித்து, சட்டைகளை எடுத்து அலமாரியில் திரும்ப அடுக்கினார். ஒவ்வொன்றாக.

"ஏண்ணி?"

"இன்னிக்கு நான் தூக்கிட்டுப் போனா, ஒருநாள் உனக்குத் தெளியும். வந்து கேப்பே. அன்னிக்கு நான் குடுக்க மாட்டேன். என்னை எனக்குத் தெரியும்."

ஆறாவது சட்டையை மட்டும் அவர் ரெண்டு தடவை மடித்தார்.

ஏப்ரல் 1, செவ்வாய்

அண்ணியே என்னைக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனார். "இவ போட்ட டிக்கெல்லாம் சரியாம். இன்னொரு தாள் குடு" என்றார். சிரிப்பு நர்ஸ் தேதியைப் பார்த்தாள், பிறகு எங்களைப் பார்த்து, "என்னக்கா, ஏப்ரல் ஒண்ணாம் தேதிக்கு என்னை முட்டாளாக்கறீங்களா?" என்று சிரித்தாள். மேலிடம் சிரிக்கவில்லை. மேலிடம் சிரிக்காவிட்டால் எதிரில் இருப்பவர்களால் சிரிக்க முடியாது, நான் அனுபவித்தவள்.

தாள் வந்தது. இந்தத் தடவை படித்துப் போட்டேன். பத்து.

ஏப்ரல் 4, வெள்ளி

மனசு டாக்டர். சின்னப் பையன் மாதிரி இருக்கிறார், மீசை இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறது. இது நோய்தான், உங்கள் குற்றம் இல்லை, பால் கொடுத்துக்கொண்டே சாப்பிடக்கூடிய மாத்திரை என்று நிதானமாகச் சொன்னார்.

"பாசம் எப்ப வரும் டாக்டர்? தேதி போட்டுத் தர்றீங்களா? எங்க லாண்டரியில போட்டுத் தருவோம்."

"உங்க லாண்டரியில சொன்ன தேதிக்குத் துணி வருமா?"

"வராது."

"அப்ப நான் போடல."

இந்த ஆள் தேறுவார்.

ஏப்ரல் 10

மாத்திரை ஆறு நாள். வாய் காய்கிறது. பாசம் வரவில்லை. மாடி வீட்டம்மா வந்து, நடந்தால் சரியாகிவிடும் என்றாள். வாசல் வரை நடந்து அவளை வழியனுப்பினேன். கொஞ்சம் சரியானது.

ஏப்ரல் 22, செவ்வாய்

அம்மாக்கள் கூட்டம். என் முறை வந்ததும் எல்லோரும் சிரிப்பதற்கு வசதியாக நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

"எனக்கு இன்னும் பாப்பா மேல பாசம் வரல. மாத்திரை சாப்பிடறேன்" என்றேன்.

சிலர் பழக்கத்தில் சிரித்துவிட்டார்கள். நான் மேற்கொண்டு எதுவும் சொல்லாததால் சிரிப்பு வழியிலேயே நின்றது. நாற்காலி கிரீச்சிடும் சத்தம். பிறகு உலகம் நின்றுபோன மஞ்சள் சட்டைப் பெண், "எனக்கும்தான்" என்றாள். "உலகம் நின்னுச்சுன்னு சொன்னது எங்க அக்கா, அவ பிரசவத்துக்கு. எனக்கு எதுவும் நிக்கல. நான் அவனைப் பாத்தா பயந்து போயிடறேன்."

வாங்கறதுக்கு முன்னாடியே அழுதவள் கையைத் தூக்கினாள். "நான் அழுதது தையல் வலியில."

ஏலத்தில் எடுத்த பொருளையெல்லாம் ஒவ்வொருத்தியாகத் திருப்பி வைத்தார்கள். பதினோரு பேரில் நாலு பேர். சிரிப்பு நர்ஸ் தன் கைக்குட்டையைத் தேடினாள், அதை மஞ்சள் சட்டைக்கு ஏற்கெனவே கொடுத்திருந்தாள்.

மே 8, வியாழன்

ஏழு மணி நேரம் தூங்கினேன். அண்ணி வாரத்தில் மூன்று நாள் வருகிறார். நான் அரை நாள் லாண்டரி போகிறேன்.

இன்றைக்குப் பாப்பாவைக் குளிப்பாட்டித் துவட்டும்போது, நெற்றியைச் சுருக்கிக்கொண்டு என்னைப் பார்த்தது. முன்னால் வழுக்கை, காதோரம் மட்டும் முடி, கோபமான புருவம். "என்ன ஹெட்மாஸ்டர், துண்டு சரியில்லையா? மெமோ குடுக்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டேன்.

வக்கீல் அடுத்த அறையில் பாடம் படித்துக்கொண்டிருந்தாள். சத்தம் நின்றது. எட்டிப் பார்க்கவில்லை. நல்ல பிள்ளை.

உலகம் நிற்கவில்லை. எழுதி வைக்கிறேன், நாளைக்கு யாராவது கேட்டால் பொய் சொல்லக் கூடாது. கொஞ்சம் சிரிப்பு வந்தது, அவ்வளவுதான்.

மே 19

இல்லை. இன்றைக்கு மறுபடி ஒன்றும் இல்லை. டாக்டர் சொன்னார், இப்படிப் போகும் வரும் என்று. இவர் லிஃப்ட் மாதிரி.

மே 27, செவ்வாய்

வந்தது. இன்றைக்கு ஊசி போட்டார்கள். ஹெட்மாஸ்டர் நாடி முழுக்க நடுங்க அழுதது. நான் சிரிப்பு நர்ஸை ஒரு வார்த்தை திட்டிவிட்டேன். பிறகு மன்னிப்புக் கேட்டேன். அவள், "திட்டுங்கக்கா, நல்லா இருக்கு" என்றாள்.

ஜூன் 10, செவ்வாய்

காலையில் அண்ணி போன் செய்தார். "இந்த வெள்ளிக்கிழமை ஹெட்மாஸ்டரை இங்க கூட்டிட்டு வந்து, திங்கள்கிழமை கொண்டுவந்து விடட்டுமா? கட்டில் சும்மாதான் கெடக்கு. நீயும் கொஞ்சம் ஓய்வெடுப்பே" என்றார்.

நியாயமான கேள்வி. அண்ணி செய்ததற்கு மூன்று நாள் என்ன, முப்பது நாள் கொடுக்கலாம். சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"அவளுக்குச் சளி அண்ணி."

சளி இல்லை. மடியில் உட்கார்ந்து என் தாலியைச் சப்பிக்கொண்டிருந்தாள், மூக்கு துடைத்துவைத்த கண்ணாடி மாதிரி இருந்தது.

 "சளியா?" என்றார் அண்ணி. "எப்பலேர்ந்து?"

"இப்பதான் ஆரம்பிச்சிருக்கு" என்றேன். அவருக்கு நம்பிக்கை வரட்டும் என்று போனைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு, நானே சின்னதாக ஒரு தும்மல் தும்மினேன்.